கம்முனு இருந்த மூணு மணி நேரம்

இந்த சீட்டு காலிதானே கண்ணு? சித்த நகந்துக்கோ. பையை மடியில வெச்சுக்கறேன், உனக்கு இடிக்காது. அங்க முன்னாடி ஒரு அம்மாகூடத்தான் உக்காந்திருந்தேன். ஆழியார் தாண்டறதுக்குள்ள, வெயில் அடிக்குதுன்னு அந்தம்மா எந்திரிச்சுப் போயி நின்னுட்டே வருது. வெயிலுக்குப் பயந்து நிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். காதுல மாட்டியிருந்ததை எடுத்துட்டயா, நல்லதாப் போச்சு. மலை ஏறும்போது காதை அடைச்சு வெக்கக் கூடாது. வால்பாறைக்கு நாப்பது வளைவு இருக்குது. எதாச்சும் பழமை பேசீட்டே போனா வாந்தி வராது.

நான் ஒண்ணும் அதிகமாப் பேசற ஆளில்ல. அதை மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா நடந்த கதையே அதை வெச்சுத்தான். என்ற பேரு கோமளவல்லி, ஊரு பொள்ளாச்சி. ஒரு ஜவுளிக்கடைல பட்டு செக்‌ஷன்ல இருபத்தாறு வருசம் வேலை பார்த்தேன். அங்க வாயத் தொறந்தாத்தான் சோறு. வர்றவங்க ஒரு சேலை கேப்பாங்க, நாம நாப்பது சேலைய விரிச்சுப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேச்சுப் பேசோணும். அது தொழிலுக்குப் பேசினது, கணக்குல சேராது. என்ற சொந்தப் பேச்சுன்னு பார்த்தா நெம்பக் கம்மி.

வேலைய விட்டு ஊட்டுல உக்காந்து ஒரு மாசம் ஆகல, என்ற ஊட்டுக்காரரே போயி நடைக் குழுவுல என்ற பேரை எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. நாள் முச்சூடும் ஊட்டுக்குள்ளயே இருந்தா எனக்கு ஒடம்புக்கு ஆகாதாம். எத்தனை பாசம் பாரு. மாசத்துக்கு ஒருக்காத்தான் கூட்டீட்டுப் போவோம்னு அங்க சொன்னாங்களாம். வாரா வாரம் போற குழு எதாச்சும் இருக்குதான்னு இவரு விசாரிச்சிருக்கறாரு.

பசுந்தடம் நடைக் குழுன்னு பேரு. பத்துப் பதினஞ்சு பேரு. ஏரி, காடு, சரணாலயம்னு எங்கயாச்சும் போயி, நடந்து, பறவை மிருகம் எல்லாம் பார்த்துட்டு வருவாங்க. தலைவரு மருதாசலம் சார். கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. கம்பத்துப் பக்கம் அண்ணாந்து பார்த்துப் பார்த்தே பறவைப் பைத்தியம் புடிச்சுப் போச்சாம். நல்ல மனுசன், ஆனா சத்தம் ஆகாது. நாம தும்மினாக்கூட மொகம் சுருங்கிப் போகும்.

மொத நாள் ஒரு ஏரிக்குக் கூட்டீட்டுப் போனாங்க. அவரு பைனாகுலரை என்ற கையில கொடுத்து, அதோ அந்தக் கோரைக்குள்ள பாருங்கன்னாரு. பார்த்தேன் கண்ணு. தாழைக்கோழின்னு ஒண்ணு. மயில்கழுத்துக் கலர் ஒடம்பு, அதுலயே கத்திரிப்பூ ஓடுது, மூக்கு மட்டும் நல்ல அரக்குச் செவப்பு. காஞ்சிபுரத்துல ஆறு மாசம் சொல்லி வெச்சு நெய்ய விட்டாலும் அந்தக் கலரு வராது. நான் இருபத்தாறு வருசம் டியூப் லைட்டுக்கு அடியில நின்னவ. வெளிய மழை பெய்யுதா, பொழுது உழுந்துதா, ஒண்ணும் தெரியாது. வர்றவங்க கொடை நனைஞ்சிருந்தா மழைன்னு தெரிஞ்சுக்குவேன். நான் விரிச்சுக் காட்டின அத்தனை கலரும் இங்க வெளிய, ஏரித் தண்ணில சும்மா நடந்து திரியுது, எனக்கு யாரும் சொல்லவே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அந்த சந்தோசத்துல நிர்மலா டீச்சரை ஒரு வார்த்தை கூப்பிட்டேன். அவங்களும் எங்க குழுதான், கணக்கு டீச்சரு. ஒரே ஒரு வார்த்தைதான் கூப்பிட்டேன். ஏரில இருந்த அத்தனை பறவையும் எந்திரிச்சுப் போயிருச்சு. அக்கரைல துணி தொவைச்சிட்டிருந்தவங்க என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு நின்னுட்டாங்க. சார் கண்ணை மூடீட்டு நின்னாரு. பறவைக அப்படிப் பறக்கறதைப் பாக்கறதுக்கே எத்தனை அழகு தெரியுமா, என்னாலதான் எல்லாருக்கும் பாக்கக் கெடச்சுது.

அடுத்த மாசம் காட்டெருமை. அதும் பக்கத்துல ஒரு கன்னுக்குட்டி, சந்தனக் கலர்ல. பொறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. என்ற தங்கமேன்னு கொஞ்சினேன், அவ்வளவுதான். கன்னோட ஆயி திரும்பி நின்னு எங்களப் பார்த்து மூச்சு உட்டுச்சு பாரு, பதிமூணு பேரும் வேனுக்குள்ள ஏறினது யாருக்கும் ஞாபகமே இல்ல. எங்க குழுவுல முட்டிவலின்னு சொல்லிக்கறவங்க எத்தனை பேரு, அன்னிக்கு ஓடினதைப் பாக்கோணும்.

அதுக்கு மறு வாரம் மருதாசலம் சார் எங்க ஊட்டுக்கு வந்தாரு. காப்பி குடிச்சாரு. டம்ளரைக் கீழ வெச்சுட்டு, நெம்ப சங்கடத்தோட ஆரம்பிச்சாரு. குழுவுல எல்லாரும் எம்மேல பிரியமாத்தான் இருக்கறாங்களாம், ஆனா காட்டுக்குள்ள கூட்டீட்டுப் போக பயப்படறாங்களாம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. வர்ற மாசம் வால்பாறைக்கு மேல ஒரு சோலைக்காட்டுல மூணு மணி நேரம் நடக்கறோம். உள்ள போனதுலருந்து வெளிய வர்ற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தா, மார்கழில மூணு நாள் காட்டு பங்களாவுல தங்கறதுக்கு என்ற பேரு உண்டு. ஒரு வார்த்தை வந்துச்சோ, குழுவுலருந்தே பேரை எடுத்துருவாங்க.

நெனச்சுப் பாரு கண்ணு. மூணு நாளு காட்டுக்குள்ளயே தூங்கி எந்திரிக்கறது. வெடிய வெடிய என்னென்ன கலரு வருமோ அத்தனையும் ஜன்னலைத் தொறந்தாத் தெரியுமாம். அதை விட்டுட்டு மறுபடியும் ஊட்டுக்குள்ள உக்காந்து செவுத்தைப் பாக்கறதுக்கு என்னால முடியாது. சரிங்க சார், வாயத் தொறக்க மாட்டேன்னு என்ற ஊட்டுக்காரர் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணினேன். அவரும் தலையக் குனிஞ்சு நல்லா வாட்டமாக் காட்டினாரு.

ஊட்டுலயே பழகினேன். காலைல ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். மொத நாளு என்ற ஊட்டுக்காரரு பேப்பரை முச்சூடும் படிச்சு முடிச்சாரு. ரெண்டாம் நாளு அவரே காப்பி வெச்சாரு, பாட்டுக்கூட முணுமுணுத்தாரு. பாவம், நான் பேசாம அவருக்குப் பொழுதே போகல போல. ஒரு வாரம் ஆனதும், இன்னும் கொஞ்சம் கூட்டி மூணு மணி நேரமாப் பழகிக்கோன்னு அவரே சொல்லீட்டாரு.

அந்த நாள் வந்துச்சு. பூ வெக்கக் கூடாது, செண்டு அடிக்கக் கூடாது, கண்ணைப் பறிக்கற கலரு கூடாது. நான் மருதாணிப் பச்சைல ஒரு சுடிதாரு தெச்சுப் போட்டுக்கிட்டேன், அறுபது வயசுல மொத சுடிதாரு. கூட வழிகாட்ட காட்டிலாகா ஆளு ஒருத்தரு, காடரு சாதி, குப்பன்னு பேரு. அவரு பொறந்ததே அந்தக் காட்டுலதான். காட்டு வாசல்ல வெச்சு சார் சட்டம் சொன்னாரு. யாரும் பேசக் கூடாது. எதாச்சும் பார்த்தா வலது கையத் தூக்கோணும், அவரு வந்து என்னன்னு பார்ப்பாரு. வாட்சைப் பார்த்தாரு, எட்டு மணி. பதினொண்ணு வரைக்கும். நான் ஒரு இஞ்சி மிட்டாயைக் கன்னத்துல அடக்கிக்கிட்டு உள்ள கால் வெச்சேன்.

கம்முனு இருக்கறது அத்தனை சுலபமில்ல கண்ணு. மொதல்ல ஒரு காளான், குங்குமக் கலர்ல. கையத் தூக்கினேன். சார் வந்து பார்த்துட்டு, சரின்னு தலையாட்டீட்டுப் போனாரு. அப்பறம் ஒரு மலையணில், உடம்பு முச்சூடும் அரக்கும் பாலும். தூக்கினேன். அதைக் குப்பன் ஏற்கெனவே காட்டீட்டாராம். அப்பறம் ஒரு எலை, அதுல ஜரிகை போட்ட மாதிரி பனி. தூக்கினேன். நிர்மலா டீச்சரு கால்சட்டைல ஒரு அட்டை ஏறுது, தூக்கினேன். என்ற காலுலயே ஒண்ணு ஏறிக் கடிச்சு உப்பிப் போச்சு, அப்பக்கூட கத்தல, கையத்தான் தூக்கினேன். சார் மூக்குப்பொடியத் தடவி அதை எடுத்துப் போட்டுட்டு, என்னைப் பார்த்துக் கும்புட்டாரு. எதுக்குக் கும்புட்டாருன்னு அப்பத் தெரியல. மொத்தம் பதினோரு தடவை தூக்கியிருப்பேன். கண்டதைச் சொல்லோணும்ல.

பத்தே முக்கா இருக்கும். ஒரு பெரிய மரம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. அதுக்கு முன்னாடி சார் நின்னாரு, எல்லாரையும் கிட்ட கூப்பிட்டு, குரலை எறக்கிப் பேச ஆரம்பிச்சாரு. பேசக் கூடாதுங்கறது எங்களுக்குத்தான், அவருக்கில்ல. நீலகிரி மார்டென்னு ஒரு பிராணி இருக்குதாம். கீரி மாதிரி நீட்டமா, ஆனா மரத்து மேல ஏறி ஓடுமாம். இந்த மலைகள விட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாதாம். அதைப் பார்க்கறதுக்கு அவரு பத்தொம்பது வருசமா நடக்கறாராம். எச்சம் பார்த்திருக்கறாராம், நகக்கீறல் பார்த்திருக்கறாராம், அடுத்தவங்க எடுத்த போட்டோ பார்த்திருக்கறாராம். அதை மட்டும் பார்த்ததே இல்லையாம். சொல்லும்போது அவரு குரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. எல்லாரும் குனிஞ்சு, அவரு கையில எடுத்து வெச்சிருந்த காஞ்ச எச்சத்தையே பார்த்துட்டிருந்தாங்க. குப்பன் அட்டை எடுக்கக் குனிஞ்சிருந்தாரு.

அப்ப அது வந்துச்சு.

அவருக்குப் பின்னாடி, அந்த சாஞ்ச மரத்து மேல, ஆறடி தூரத்துல. உடம்பு வறுத்த காப்பிக்கொட்டைக் கலரு, பளபளன்னு. வால் உடம்பளவு நீட்டம். கழுத்துலருந்து நெஞ்சு வரைக்கும் நல்ல மாம்பழ மஞ்சளு, நடுவுல கொஞ்சம் பழுத்தாப்பல ஆரஞ்சு. இருபத்தாறு வருசத்துல அப்படி ஒரு காம்பினேசன நான் யாருக்கும் எடுத்துக் காட்டினதில்ல. மெதுவா நடந்து வந்து, சார் முதுகுல தொங்கின பையை மோந்து பார்த்துச்சு. அப்பறம் பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னு, அவரு என்ன பேசறாருன்னு கேக்கற மாதிரி நின்னுச்சு.

கையத் தூக்கினேன். சார் பேச்சை நிறுத்தாமயே, கீழ போடுங்கன்னு சைகை பண்ணினாரு. இன்னும் ஒசரத் தூக்கினேன். உதட்டு மேல விரல வெச்சாரு. ரெண்டு கையும் தூக்கினேன். நிர்மலா டீச்சரு என்ற கையப் புடிச்சுக் கீழ இழுத்துட்டாங்க. நான் மொகத்துலயே காட்டறேன், கண்ணுலயே காட்டறேன், தாவாங்கட்டையாலயே காட்டறேன். சாரு என்னைப் பார்த்து, இன்னும் பத்து நிமிசம்தான், பொறுத்துக்கோங்கன்னு கை விரல அகட்டிக் காட்டறாரு. அவசரமா ஒதுங்கோணும்னு நெனச்சுட்டாரு போல.

அட கெரகமே. சார், பின்னாடி. ரெண்டே வார்த்தை. தொண்டைல வந்து நிக்குது, இஞ்சி மிட்டாயத் தள்ளீட்டு நிக்குது. சொன்னா என்ற பேரு போயிரும். அது போகட்டும், நான் சத்தம் போட்டா அதும் போயிருமே, என்ற சத்தம்தான் உனக்குத் தெரியுமே, கொஞ்சம் எடுப்பான கொரலு. ஏரில அத்தனையும் பறந்துச்சே, ஞாபகம் வந்துச்சு. வாய அடைச்சுக்கிட்டு அதையே பார்த்தேன். அது திரும்பி என்னைப் பார்த்துச்சு கண்ணு, என்னை மட்டும். நான் கண்ட எதையும் யாருகிட்டயாச்சும் சொல்லாம இருந்ததே இல்ல. சொல்லச் சொல்ல அது பாதி வெளிய போயிரும் போல. அன்னிக்குத்தான் ஒண்ணு முழுசா உள்ள வந்துச்சு. வயிறெல்லாம் குளுந்து, சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது, சத்தமில்லாம நின்னு குலுங்கறேன். ஒரு சேலைய உதறி மடிக்கற நேரம் நின்னுருக்கும். அப்பறம் அதும் பாட்டுக்கு மரத்து மேல நடந்து, கொடிக்குள்ள பூந்து, போயிருச்சு.

பதினொரு மணிக்கு வெளிய வந்தோம். டீக்கடை வாசல்ல சார் எல்லாரையும் நிக்க வெச்சாரு. எங்க குழுவுல ஒரு பழக்கம், நடந்து முடிச்சதும் வழிகாட்டறவருக்குப் பொன்னாடை போத்துவாங்க. அன்னிக்குக் குப்பனுக்கு ஒண்ணு போத்தீட்டு, பையிலருந்து இன்னொண்ணை எடுத்தாரு. எடுத்து எனக்குப் போத்தறாரு. "இன்னிக்கு நாம பெருசா எதையும் பார்க்கலை, கோமளம்மா மூணு மணி நேரம் பேசாம இருந்ததுதான் நாம பார்த்த அதிசயம்"னாரு. எல்லாரும் கை தட்டறாங்க. பாலியெஸ்டர் சால்வைதான், ஜரிகை பேப்பரு. இருந்தாலும் எனக்கு இதுவரைக்கும் யாரும் போத்தினதில்ல.

இப்பப் பேசலாம்னு அனுமதி ஆயிருச்சு. நான் மூச்சை இழுத்து, சார்னு ஆரம்பிக்கறேன். அவரு டீ டம்ளரோட என்ற பக்கத்துல வந்து உக்காந்தாரு. முட்டியப் புடிச்சுக்கிட்டு, மத்தவங்களுக்குக் கேக்காம சொன்னாரு. "இன்னும் எத்தனை தடவை இந்த ஏத்தம் ஏறுவனோ தெரியல. அது என்ற கண்ணுலயே படாம போயிருமாட்ட இருக்குதும்மா."

நான் என்னன்னு சொல்றது? உங்க பையை மோந்து பார்த்துட்டு நின்னுச்சுங்க சார், நீங்கதான் கையக் கீழ போடச் சொன்னீங்கன்னு சொல்றதா? பத்தொம்பது வருசம். அந்த மனுசன் மொகத்தைப் பார்த்தேன். மூணு மணி நேரம் வாய மூடினது பெருசில்ல கண்ணு, அந்த ஒரு நிமிசம் மூடினதுதான் பெருசு. டீ நல்லாருக்குதுங்க சார்னு மட்டும் சொன்னேன்.

மூணு மாசமாச்சு. நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கறேன். ஒருத்தருகிட்டயும் சொல்லல. என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், அது ஊட்டுக்குள்ள. பால்காரருகிட்ட ஒருக்கா, அவருக்குக் காது மந்தம். நிர்மலா டீச்சரு தங்கச்சிகிட்ட, அவ மதுரைல இருக்கறா. நீ முன்னப் பின்னத் தெரியாத புள்ள, உங்கிட்டச் சொன்னா ஒண்ணும் ஆகாது. ஆனா வெளிய மூச்சு உடாத. ஏன்னா இன்னிக்குத்தான் அந்த மூணு நாளு தங்கறதுக்குப் போறோம், வேன் கெடைக்கல, எங்க ஆளுக எல்லாம் இந்த பஸ்ஸுலயேதான் அங்கங்க உக்காந்திருக்காங்க. சாரும் வர்றாரு, முன்னாடி ரெண்டாவது சீட்டுல, தொப்பியக் கண்ணு மேல எறக்கி விட்டுட்டுத் தூங்கீட்டு வர்றாரு.

ஏன் வண்டி நின்னுருச்சு? எதுக்க லாரியா. எஞ்சினைக்கூட நிறுத்தீட்டாரு, என்ன அமைதியா இருக்குது பாரு. ஏன் கண்ணு எல்லாரும் திரும்பி நம்மளயே பாக்கறாங்க?

சார்.

எந்திரிச்சு வர்றாரு. கண்ணு, என்ற கையப் புடிச்சுக்கோ. சார், நீங்க தூங்கலீங்களா? எங்கிருந்துங்க சார் கேட்டீங்க? மொதல்லருந்துங்களா? பேரை வேணா எடுத்துருங்க சார், நான் அடுத்த பஸ்ஸுல மலை எறங்கிப் போயிர்றேன், நான் வேணும்னு மறைக்கலீங்க சார், உங்க மொகத்தைப் பார்த்துட்டு எனக்கு நாக்கு வரலீங்க.

"எத்தனை நேரம் நின்னுச்சும்மா, என்ற பின்னாடி?"

ஒரு நிமிசம் இருக்குமுங்க சார். முழுசா ஒரு நிமிசம்.

"பையை மோந்து பார்த்துச்சா?"

மோந்து பார்த்துச்சுங்க சார். நீங்க பேசினதைக் கேட்டுச்சுங்க.

பாரு கண்ணு, கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. சார், உக்காருங்க சார். தண்ணி குடிங்க. என்ன சார் சிரிக்கறீங்க? என்னங்க சார், அழுகறீங்களா, சிரிக்கறீங்களா?

"பத்தொம்பது வருசமா நான் அதைத் தேடிப் போயிட்டிருக்கறேன்னு நெனச்சேன். அது என்னைப் பார்க்க வந்திருக்குதும்மா."

ஐயோ, கண்டக்டருகிட்டப் போயிட்டாரு. என்ன சொல்றாரு, உனக்குக் கேக்குதா? ஆறடி, ஆறடின்னு கையை விரிச்சுக் காட்டறாரு. டிரைவருகிட்டயும் சொல்றாரு பாரு. அந்த நின்னுட்டு வர்ற அம்மா தோளத் தட்டிச் சொல்றாரு, அந்தம்மா எங்க போயி நிக்கும் பாவம். அஞ்சடிங்கறாரு இப்ப, நாலடிங்கறாரு, என்ற பையை மோந்து பார்த்துச்சுங்கன்னு சீட்டு சீட்டா வர்றாரு. நிர்மலா டீச்சரு காதைப் பொத்திக்கிட்டாங்க. சார், வண்டி கெளம்புது, உக்காருங்க. சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, சோலைல இருக்கற கொரங்கெல்லாம் ஓடுது.

எங்க கேக்கறாரு. எனக்கு ஒரு வார்த்தை பேச எடம் குடுக்க மாட்டேங்கறாரு கண்ணு.